கடைக்கு ஒரு சின்னம்: புதிய ஸ்டூடியோ சொல்லும் பாடம்



திண்டிவனத்தில் மளிகைக் கடை நடத்தும் நமது உறுப்பினர் ஒருவர், சரக்கு விஷயமாக விழுப்புரம் வந்தபோது நம்மைச் சந்தித்தார். அவருடைய இளைய மகன் போட்டோ தொழில் கற்றுக்கொண்டு சொந்தமாக ஸ்டூடியோ தொடங்க இருக்கிறார். இடம் பார்த்தாயிற்று. முன்பணம் கொடுத்தாயிற்று. கேமராவும் விளக்குகளும் வந்து இறங்கிவிட்டன. வேலை பெயர்ப்பலகையில் வந்து நிற்கிறது. ஓவியர் ஒருவரிடம் சொல்லி நல்ல சின்னம் ஒன்று வரைந்து வாங்க வேண்டும் என்பது மகனின் விருப்பம். தந்தைக்கு அதில் உடன்பாடு இல்லை.

"நம்ம கடைக்கு இருபத்தஞ்சு வருஷமா சின்னம் ஏதுங்க? அரிசி நல்லா இருந்தா ஆள் தானா வருது. ஒரு கம்பெனிக்காரர் வேற, பலகையை இலவசமாவே போட்டுத் தர்றேன்னு சொல்றார். அதை விட்டுட்டு ஒரு படத்துக்குப் போய்ப் பணம் கொடுக்கணுமா?" என்று நம்மிடம் கேட்டார்.

கேள்வி நியாயமானதே. பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவு செய்பவர்கள் நாம். ஆனாலும் இந்த விஷயத்தில் மகன் பக்கமே நியாயம் அதிகம் என்பது நமது கருத்து. அதற்கான காரணங்கள் மளிகை, அரிசி, எண்ணெய், ஜவுளி என எல்லாக் கடைகளுக்கும் பொருந்துவதால் அவற்றை இங்கே விரிவாக எழுதுகிறோம்.

இலவசப் பலகையின் விலை

முதலில் அந்த இலவசப் பலகையைப் பற்றிப் பேசுவோம். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து நமது விழுப்புரம் மாவட்டம் உருவானது. வண்ணப் படம் கழுவும் லேப்கள் ஊர் ஊராக வந்துகொண்டிருந்த காலம் அது. மஞ்சள் பலகை என்றால் கோடாக். பச்சை என்றால் ஃபியூஜி. நீலம் என்றால் கோனிகா. பலகை நிறைய பிலிம் கம்பெனியின் பெயரே இருக்கும். முதல் போட்டு, கடன் வாங்கி, இரவு பகலாக உழைத்த கடைக்காரரின் பெயர் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். வாடிக்கையாளரும் "அந்த மஞ்சள் போர்டு கடை" என்றே அடையாளம் சொல்வார்.

பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. கோனிகா மினோல்டா நிறுவனம் கேமரா, பிலிம் தொழிலிலிருந்து விலகுவதாக 2006ஆம் ஆண்டு தொடக்கத்தில் அறிவித்தது. நூறாண்டுக்கு மேல் உலகை ஆண்ட கோடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. அடுத்த ஆண்டு அதிலிருந்து மீண்டது என்றாலும், தெருவுக்குத் தெரு ரோல் கழுவிய அந்தத் தொழில் திரும்பி வரவில்லை. ஃபியூஜி மருத்துவக் கருவிகள், அழகுப் பொருள்கள் என்று வேறு துறைகளில் காலூன்றிக்கொண்டது.

பெரிய நிறுவனங்களுக்கு மாற்று வழி இருந்தது. பலகையை மட்டும் நம்பியிருந்த சிறு கடைக்காரருக்கு என்ன மிஞ்சியது என்று எண்ணிப் பாருங்கள். ஊரார் மனதில் பதிந்திருந்தது கம்பெனியின் நிறமும் பெயரும். அந்தப் பெயருக்கு மதிப்புக் குறைந்த நாளில் கடைக்காரர் புதிதாகக் கடை திறந்தவரைப் போல ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. தன் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தவர்களோ பிலிம் போனாலும் கல்யாண ஆல்பம், வீடியோ, பாஸ்போர்ட் படம் என்று மாறிக்கொண்டார்கள். அவர்களுடைய பெயர் அவர்களிடமே இருந்தது.

இது போட்டோக்காரர்களுக்கு மட்டும் நேர்ந்த கதையா? விழுப்புரம் நேருஜி சாலையில் ஒருமுறை நடந்து பலகைகளைப் பாருங்கள். குளிர்பானம், டீத்தூள், சோப்பு, செல்போன் கம்பெனிகளின் பெயர்கள் பலகையில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டிருக்கும் கடைகள் எத்தனை! மழை வெயிலில் அந்தப் பலகையைத் துடைத்துக் காப்பது நாம். மின்விளக்குக்குக் கட்டணம் கட்டுவதும் நாம். வளர்வது மட்டும் அவர்கள் பெயர்.

பலகை இல்லாத கடைக்கு வந்த வழக்கு

"சரக்கு நன்றாக இருந்தால் போதாதா?" என்பது தந்தையின் அடுத்த கேள்வி. இதற்குத் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாவைவிடப் பொருத்தமான சான்று இல்லை. நெல்லையப்பர் கோயில் எதிரே, மங்கிய விளக்கொளியில் தலைமுறைகளாக அல்வா விற்ற கடை அது. "இருட்டுக்கடை" என்ற பெயரை வைத்தவர்கள் வாடிக்கையாளர்களே. சரக்கின் தரத்தால் மட்டுமே வளர்ந்த கடைக்கு அதைவிட நல்ல உதாரணம் சொல்ல முடியாது.

ஆனால் பெயர் புகழ் பெற்றதும் என்ன நடந்தது? அதே பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்து வேறொருவர் அல்வா விற்கத் தொடங்கினார். அவரும் தம் லேபிளைப் பதிவு செய்து வைத்திருந்தார். வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி, உயர் நீதிமன்றம் சென்று, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. பின்னால் வந்தவர் பதிவு பெற்றிருந்தாலும், பெயரை முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே மேலானது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நல்ல பெயர் என்பது கல்லாப்பெட்டியில் இருக்கும் பணத்தைப் போல ஒரு சொத்து. திருட ஆள் வரும். மற்றொன்று, முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதற்குச் சான்று வேண்டும். பழைய பில் புத்தகம், விளம்பர நோட்டீஸ், கடைத் திறப்பு அழைப்பிதழ், அச்சடித்த பை ஆகியவற்றில் தேதியோடு நம் பெயரும் சின்னமும் இருந்தால் அவையே நமக்குச் சாட்சி. திண்டிவனத்துத் தம்பி முதல் நாள் அடிக்கும் அழைப்பிதழ் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வைக்கட்டும்.

பெயர் முதலில், படம் பிறகு

சின்னம் என்றதும் எல்லோரும் படத்தை நினைக்கிறோம். அதற்கு முன்னால் பெயர் சரியாக அமைய வேண்டும். போட்டோ தொழிலிலேயே இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888ஆம் ஆண்டு தம் கேமராவுக்குக் கோடாக் என்று பெயரிட்டார். எந்த மொழியிலும் பொருள் இல்லாத சொல் அது, அவரே உண்டாக்கியது. சுருக்கமாக இருக்க வேண்டும், யாரும் தவறாக உச்சரிக்கக் கூடாது, அந்தத் தொழிலில் உள்ள வேறு எதையும் நினைவூட்டக் கூடாது என்பவை அவர் வைத்துக்கொண்ட விதிகள். இன்றும் பெயர் வைப்பவர்களுக்கு இவை மூன்றும் போதும்.

நம் மாநிலத்திலும் ஒரு பிலிம் இருந்தது. 1960இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்தில் ஆலை அமைத்து 1967 முதல் பிலிம் தயாரித்தது. அதன் வணிகப் பெயர் "இந்து". வடமொழியில் இந்து என்றால் சந்திரன். ஆங்கில எழுத்தில் எழுதினால் குழப்பம் இல்லை. தமிழில் எழுதினாலோ மதமும் நாளிதழும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. ஆகவே எந்தப் பெயரை வைத்தாலும் அதைத் தமிழில் எழுதிப் பார்த்து, நாலு பேரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது. ஆங்கிலத்தில் அழகாகத் தோன்றும் பெயர் தமிழில் வேறு பொருள் தந்துவிடும்.

ஊர்ப்பெயரை மட்டும் வைத்து "திண்டிவனம் ஸ்டூடியோ" என்று எழுதுவதும் போதாது. ஊர்ப்பெயர் எல்லோருக்கும் பொது. "நியூ", "சூப்பர்", "டிஜிட்டல்", "கலர்" போன்ற அடைமொழிகளும் அப்படியே. நாளை பக்கத்துத் தெருவில் ஒருவர் அதே பெயரை வைத்தால் தடுப்பது கடினம். நமது மளிகைக் கடைகளில் "ஸ்ரீ" என்று தொடங்கித் தெய்வப் பெயரில் முடியும் பலகைகள் எத்தனையோ உண்டு. பக்தியில் குறையில்லை. ஆனால் கடையைப் பிரித்துக் காட்ட அது உதவாது. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைத் தனி உரிமையாகக் கோரிய வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கு மட்டும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தெய்வப் பெயர் வைக்க விரும்புவோர் அதனுடன் குடும்பப் பெயரையோ வேறொரு தனிச் சொல்லையோ சேர்த்துக்கொள்வது நல்லது.

கேமரா படம் வேண்டாம்

இனிப் படத்துக்கு வருவோம். ஸ்டூடியோ என்றதும் ஓவியர் கேமராவை வரைவார். இல்லையேல் லென்சை, பிலிம் சுருளை, கண்ணை வரைவார். எல்லா ஸ்டூடியோவிலும் அதுவே இருக்கிறது. கேமரா படத்தைப் பார்த்தால் "இது போட்டோக் கடை" என்று தெரியும். "இது இன்னாருடைய கடை" என்று தெரியாது. மளிகைக் கடைக்குத் தராசும், அரிசிக் கடைக்கு நெற்கதிரும், எண்ணெய்க் கடைக்குச் செக்கும் வரைவது இதே தவறுதான். பொருளை வர்ணிக்கும் பெயரும் படமும் தனித்தன்மை அற்றவை என்று வணிகக் குறிச் சட்டமும் அவற்றைப் பதிவு செய்யத் தயங்கும்.

பிறகு எதை வரைவது? நம் முன்னோர் வழி இருக்கிறதே! "யானை மார்க்", "குதிரை மார்க்", "ஒட்டகம் மார்க்" என்று சொல்லிக் கேட்டு வாங்கிய மக்கள் நம் மக்கள். எழுத்துத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டார். வாயால் சொல்லக்கூடிய படமே நல்ல மார்க். வளைந்த கோடுகளும் வட்டங்களும் பார்க்க நாகரிகமாக இருக்கும். ஆனால் பாட்டியம்மா பேரனை அனுப்பும்போது அதை எப்படிச் சொல்லி அனுப்புவார்?

திண்டிவனத்துத் தம்பிக்கு நாம் ஒரு யோசனை சொன்னோம். திந்திரிணி என்றால் புளி. புளியமரக் காடாக இருந்ததால் திண்டிவனம் என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். மஞ்சள் இதழில் சிவப்பு நரம்பு ஓடும் புளியம்பூவை நம்மில் பலர் உற்றுப் பார்த்ததே இல்லை. சிறிய பூ, ஆனால் மிக அழகானது. அதைச் சின்னமாக வைத்தால் ஊருக்கும் பொருத்தம். போட்டோவுக்கும் புளிக்கும் சம்பந்தமே இல்லாததால் வேறு ஸ்டூடியோவில் அது இருக்க வாய்ப்பும் குறைவு. "புளியம்பூ போட்ட ஸ்டூடியோ" என்று ஊரார் சொல்வார்கள்.

உடனே தந்தை, "நல்லா இருக்கே, அதையே நம்ம மளிகைக் கடைக்கும் வெச்சுடலாமா?" என்றார். கூடாது. புளி விற்கும் கடைக்குப் புளி, பொருளை வர்ணிக்கும் படமாகிவிடும். ஸ்டூடியோவுக்குப் பலம் தரும் அதே படம் மளிகைக்குப் பலவீனம். சின்னத்தின் சூட்சுமம் இதில் அடங்கியிருக்கிறது. அழகு மட்டும் போதாது. எந்தத் தொழிலுக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐந்து சோதனைகள்

சின்னம் வரைந்து வந்ததும் கணினித் திரையில் பார்த்து மகிழ்ந்து சம்மதம் சொல்லிவிடக் கூடாது. பின்வரும் ஐந்து சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டும்.

முதலாவது, ரப்பர் ஸ்டாம்ப். அந்தக் கால ஸ்டூடியோக்கள் படம் ஒட்டிய அட்டையின் மூலையில் தங்கள் பெயரை நிறமின்றிப் புடைப்பாக அழுத்தித் தருவார்கள். அல்லது படத்தின் பின்புறம் ரப்பர் முத்திரை குத்துவார்கள். அறுபது ஆண்டுக்குப் பின் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் எந்த ஸ்டூடியோ என்று தெரியும். அதுபோல நம் சின்னமும் ஒரே நிறத்தில், விரல்நுனி அளவில் தெளிவாக விழ வேண்டும்.

இரண்டாவது, மஞ்சள் பை. 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. துணிப்பை நமக்கு நடமாடும் விளம்பரம். ஆனால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சு எடுக்க வேண்டும். நிறம் கூடக் கூடச் செலவு கூடும். நாமே இதில் ஒருமுறை அனுபவப்பட்டோம். ஒரு விழாவுக்காக ஐந்து நிறத்தில், மயிரிழைக் கோடுகளோடு சின்னம் வரைந்து பையில் அடிக்கக் கொடுத்தோம். காகிதத்தில் கண்ணைப் பறித்த படம், துணியில் மை பரவி அப்பிக் கிடந்தது. தவறு அச்சகத்தாருடையது அல்ல, நம்முடையது. ஒன்று அல்லது இரண்டு நிறம், தடித்த கோடு. இதற்கு மேல் வேண்டாம்.

மூன்றாவது, சாலை. எதிர்ச்சாரியில் நின்றும், ஓடும் டவுன் பஸ்ஸிலிருந்தும் பார்க்க வேண்டும். ஒரு பார்வையில் பெயர் படிக்கப்பட வேண்டும். தமிழ் எழுத்தில் புள்ளி முக்கியம். இடத்தைக் குறுக்கி எழுதும்போது புள்ளி மறைந்து "மலர்" என்பது "மலர" ஆகிவிடும். கொம்பும் காலும் ஒட்டிப்போகும். எழுத்துகளுக்கு இடையில் மூச்சுவிட இடம் வேண்டும்.

நான்காவது, செல்போன். இன்று வாடிக்கையாளர் நம்மை முதலில் காண்பது பலகையில் அல்ல, செல்போனில் வரும் சிறு வட்டப் படத்தில். நீளமான சின்னம் அந்த வட்டத்துக்குள் அடங்காது. ஆகவே பெயரோடு கூடிய முழுச் சின்னம் ஒன்று, படம் மட்டும் தனியாக ஒன்று என இரண்டாக வரைந்து வாங்க வேண்டும்.

ஐந்தாவது, வாய். முன்பே சொன்னோம். படத்தைப் பார்த்த சிறுவன் ஒருவனிடம் மறுநாள் "அதில் என்ன இருந்தது?" என்று கேளுங்கள். அவன் ஒரே சொல்லில் பதில் சொன்னால் சின்னம் தேறிவிட்டது.

பலகையைப் பொறுத்தவரை சட்டமும் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின் 15ஆவது விதிப்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். பிற மொழிகள் அதற்குக் கீழே வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவை 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்று அரசு வலியுறுத்தி வருகிறது. ஆங்கிலத்தில் சின்னத்தை வரைந்துவிட்டு, தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்த பிறகு தமிழை ஓரத்தில் ஒட்டவைப்பதைக் காட்டிலும், தொடக்கத்திலேயே தமிழை நடுவில் வைத்து வரைவது மேல்.

ஓவியரிடம் பெற வேண்டியவை

சின்னத்துக்குப் பணம் கொடுத்துவிட்டால் அது நமக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படி எளிதாக விட்டுவிடவில்லை. வரைந்தவருக்குப் பதிப்புரிமை உண்டு. அதை நமக்கு மாற்றித் தருவதாக எழுத்தில், அவர் கையொப்பத்துடன் கடிதம் பெற வேண்டும். அந்தக் கடிதத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் உரிமை ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு கருதுகிறது. "பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த ஒரு வரி இல்லாமல் நாளை கடை வளர்ந்தபின் சிக்கல் வர வேண்டாம்.

கடிதத்தோடு, எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத மூலக் கோப்பு, கறுப்பு வெள்ளைப் பிரதி, நிறங்களின் எண் ஆகியவற்றையும் கேட்டு வாங்க வேண்டும். நிறத்தின் எண் இல்லாவிட்டால் பலகையில் ஒரு மஞ்சள், பையில் ஒரு மஞ்சள், பில்லில் ஒரு மஞ்சள் என்று மூன்று கடைபோல் தோன்றும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்தப் படத்தை எடுத்து நம் பெயரை ஒட்டித் தருவோரும் உண்டு. அதே படம் வேறு பல ஊர்க் கடைகளிலும் இருக்கக்கூடும் என்பதால் அது நமக்குச் சின்னமாகாது.

ஒத்துப்போனால் ஆபத்து

பிரபலமான ஒரு சின்னத்தைப் போலவே சற்று மாற்றி வரைந்தால் வியாபாரம் கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். பிஸ்கட் விற்கும் நமக்கெல்லாம் தெரிய வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில் ஒரு பெண், பசுக்கள், கோழிகள் கொண்ட பண்ணைக் காட்சி இருந்தது. மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ஏறக்குறைய அதே நிறத்தில், ஒரு பெண், பசுக்கள், கோழிகள் கொண்ட உறையில் பிஸ்கட் விற்றது. வித்தியாசங்கள் இருக்கின்றன என்று வாதிட்டார்கள். உயர் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. ஆனால் 1972இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டு உறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் தேடக் கூடாது. வாங்க வருபவர் ஒன்றைத்தான் கையில் எடுத்துப் பார்க்கிறார். மொத்தத் தோற்றம் ஏமாற்றுமா என்பதே கேள்வி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பெட்டிக்கடையில் அவசரமாகப் பொட்டலம் வாங்குபவரை மனதில் வைத்துச் சொன்ன தீர்ப்பு என்றே நமக்குத் தோன்றுகிறது.

தேசியக் கொடி, அசோகச் சக்கரம், சிங்கச் சின்னம், காந்தியடிகள் படம் ஆகியவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்துவதற்கு 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பதிவு செய்யும் முறை

நம் பகுதிக்கான வணிகக் குறிப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால் பஸ் ஏறவும் தேவையில்லை. முதலில் பதிவகத்தின் இணையதளத்தில் நம் பெயரும் அதையொத்த பெயர்களும் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். இதற்குக் கட்டணம் இல்லை. படங்களையும் தேடலாம்.

பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. படம் எடுக்கும் தொழில் 41ஆம் வகுப்பு. படம் கழுவுதல், அச்சிடுதல் 40ஆம் வகுப்பு. நம்மவர்களுக்கு வேண்டியவை: அரிசி, மாவு, மசாலா, டீ, காபி, சர்க்கரை, உப்பு ஆகியவற்றுக்கு 30, சமையல் எண்ணெய்க்கு 29, பதப்படுத்தாத தானியத்துக்கு 31, கடை நடத்தும் சேவைக்கு 35. 2017ஆம் ஆண்டு விதிகளின்படி தனிநபர், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு இணையவழிக் கட்டணம் ரூ.4,500, மற்றவர்களுக்கு ரூ.9,000.

விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஆட்சேபம் இருந்தால் தெரிவிப்பார்கள். அதற்கு 30 நாளில் பதில் தர வேண்டும். பலருடைய விண்ணப்பம் வீணாவது இந்தக் கெடுவைத் தவறவிடுவதால்தான். ஏற்கப்பட்டால் பதிவக இதழில் வெளியாகும். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு கிடைக்கும். அது விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குச் செல்லும். பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பிக்கும் முன்பே "டி.எம்." என்று எழுதிக்கொள்ளத் தடையில்லை. வட்டத்துக்குள் "ஆர்" போடுவது பதிவு கிடைத்த பிறகே. முன்னதாகப் போட்டால் அது சட்டப்படி குற்றம்.

அரிசி, பருப்பு வணிகர்களிடம் இன்னமும் ஒரு பயம் இருப்பதைக் காண்கிறோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பதிவு பெற்ற பிராண்டு பெயரில் பையில் அடைத்த அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத வரி. பிராண்டு இல்லாதவற்றுக்கு வரியில்லை. அதனால் "பதிவு செய்தால் வரி வரும்" என்று பலர் ஒதுங்கினார்கள். 2022 ஜூலை 18 முதல் அந்த அடிப்படையே மாறிவிட்டது. பிராண்டு பதிவாகியிருக்கிறதா என்பது இப்போது கணக்கில்லை. 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்து லேபிள் இட்டதா என்பதே கணக்கு. ஆகவே வரிக்குப் பயந்து சின்னத்தைப் பதியாமல் இருக்க இன்று காரணம் இல்லை. தங்கள் சரக்குக்கு எது பொருந்தும் என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளவும்.

நாம் சொன்ன பதில்

திண்டிவனத்து உறுப்பினருக்கு நாம் இறுதியாகச் சொன்னது இது. கம்பெனியின் பலகையை அறவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறு வணிகருக்கு வரும் உதவியை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனை நம்முடையதாக இருக்கட்டும். நடுவில் நம் பெயரும் சின்னமும், ஓரத்தில் அவர்கள் பெயர். இதற்குச் சம்மதித்தால் வாங்கலாம். சம்மதிக்காவிட்டால் சிறிய பலகையாக இருந்தாலும் சொந்தப் பலகையே போதும்.

மயிலம் முருகன் கோயிலில் முகூர்த்த நாளில் தம்பி எடுக்கும் கல்யாணப் படம் செஞ்சிக்கும் மரக்காணத்துக்கும் விழுப்புரத்துக்கும் உறவினர் வீடுகளுக்குப் போகும். ஆல்பத்தின் மூலையில் அந்தப் புளியம்பூவும் கூடவே போகும். பத்து வருடம் கழித்து அந்த வீட்டுக் குழந்தைக்குக் காதுகுத்து வைக்கும்போது, ஆல்பத்தைப் புரட்டி அந்தப் பூவைத் தேடி வருவார்கள். கேமரா பழசாகும், கம்பெனிகள் வரும் போகும். அந்த நம்பிக்கை நம்முடைய பெயரில் சேர்ந்திருக்க வேண்டும்.

உறுப்பினர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படின்னா நம்ம மளிகைக் கடைப் பலகையையும் ஒருமுறை பாக்கணுங்க" என்றார். நமது உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் நாளைக் காலை கடை திறக்கும் முன் இரண்டு நிமிடம் தெருவில் நின்று தத்தம் பலகையைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அதில் பெரிதாக இருப்பது யாருடைய பெயர் என்று பாருங்கள். மற்றவை தாமே விளங்கும்.